ஊட்டிக்கு வேன் பேசுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவையில் அலுவலகம், கல்லூரி, அடுக்ககம், மகளிர் குழு என எங்கேயாவது "இந்தத் தடவை ஊட்டி, வேன் பேசுவது என் பொறுப்பு" என்று முன்வரும் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

கோவை – நீலகிரி பாதையில் வேன் ஓட்டுபவர்களும் வேன் ஏற்பாடு செய்து தருபவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். திட்டம் போட உட்காரும்போது, ஊட்டியிலிருந்து வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பதை முதலில் எழுதுங்கள். மற்றதையெல்லாம் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு நிரப்புங்கள்.

எங்கள் கைக்கு வரும் திட்டங்கள் பெரும்பாலும் இதற்குத் தலைகீழ். காலை ஐந்து மணிக்கு பிக்கப், சிம்ஸ் பூங்கா, டால்பின் நோஸ், தாவரவியல் பூங்கா, ரோஜாப் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, தேயிலைத் தொழிற்சாலை என்று அடுக்கிவிட்டுக் கடைசியில் "ரிட்டர்ன்" என்று ஒற்றைச் சொல். அன்றைய ஆபத்து மொத்தமும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. இத்தனை இடமும் ஒரே நாளில் முடியாது. முடிக்கப் பார்த்தால், எல்லா இடத்திலும் ஆன தாமதத்தை இறங்கும் நேரம் சுமக்கும். இருட்டில், பனிமூட்டத்தில், விடியற்காலையில் எழுந்த ஓட்டுநர் வண்டியை இறக்க வேண்டியதாகிவிடும்.

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம். குன்னூர் சுமார் 1,850. ஊட்டி 2,240. ஏறும்போது சிரமப்படுவது இன்ஜின். அது சூடானால் ஓரமாக நிறுத்தி ஆறவிடலாம். மிஞ்சிப் போனால் பயணம் தாமதமாகும். இறங்கும்போது நிலைமை வேறு. பதினேழு இருக்கை வேன் ஆட்களோடு ஏறக்குறைய நான்கு டன் வரும். அந்த எடையைக் கிட்டத்தட்ட 1,900 மீட்டர் கீழே கொண்டுவரும் சக்தி முழுவதும் எங்கேயாவது வெப்பமாக வெளியேறியாக வேண்டும். ஒன்று இன்ஜின் வழியாகப் போகும், இல்லாவிட்டால் பிரேக் வழியாகப் போகும். 2023 செப்டம்பர் 30 மாலை, ஊட்டி பார்த்துவிட்டுத் திரும்பிய சுற்றுலாப் பேருந்து குன்னூரை அடுத்த மரப்பாலம் அருகே பள்ளத்தில் கவிழ்ந்து உயிர்கள் போனதை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்த வளைவுகளை நாங்கள் வாராவாரம் கடக்கிறோம்.

சரி, ஒரு நாள் பயணம் எப்படி அமையும் என்று பார்ப்போம்.

காந்திபுரத்திலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 35 கிலோமீட்டர். அங்கிருந்து கல்லாறு, பர்லியார், மரப்பாலம், காட்டேரி வழியாகக் குன்னூர் 34. குன்னூரிலிருந்து ஊட்டி 19. ஏற்றம் குன்னூர் வழி, இறக்கம் கோத்தகிரி வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடை சீசனில் காவல்துறையே இப்படி ஒருவழியாக மாற்றிவிடுவது வழக்கம். மற்ற மாதங்களிலும் வேனுக்கு இதுதான் நல்லது. குன்னூர் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் பதினான்கு. கோத்தகிரி பாதையில் சரிவு சற்று நிதானமாக இறங்கும், லாரி நெரிசலும் குறைவு.

காலை 5.30க்கு வண்டி நகரத்தை விட்டால் 6.30, 6.45க்கு மேட்டுப்பாளையம். சாப்பாடு அங்கேயே முடியட்டும். 7.30க்கு மலை ஏறினால் 9 மணிக்குக் குன்னூர். சிம்ஸ் பூங்காவில் ஒன்றே கால் மணி நேரம். 11.15க்கு ஊட்டி. தாவரவியல் பூங்காவுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கொடுங்கள், அது 1848இல் தொடங்கிய தோட்டம், ஓடி ஓடிப் பார்க்கும் இடமல்ல. ஒரு மணிக்குச் சாப்பாடு. அதன் பிறகு படகு இல்லமா, ரோஜாப் பூங்காவா, ஏதாவது ஒன்று. 3.30க்கு வண்டி புறப்பட வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை ஆறு மணிக்கே இருட்டிவிடும், அப்போது மூன்று மணி. கோத்தகிரிக்கு 30 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். டீ குடிக்கப் பத்து நிமிடம். அங்கிருந்து 33 கிலோமீட்டர் இறங்கி 6.15 வாக்கில் மேட்டுப்பாளையம். எட்டு மணிக்குள் எல்லோரும் வீட்டில்.

தொட்டபெட்டா பார்த்தே ஆக வேண்டும் என்றால் படகையும் ரோஜாவையும் விட்டுவிடுங்கள். தொட்டபெட்டா பிரிவு ஊட்டி – கோத்தகிரி சாலையிலேயே இருக்கிறது. இரண்டு மணிக்கு ஊட்டியை விட்டால் போகிற வழியில் பார்த்துவிடலாம். மேகம் மூடியிருந்தால் மேலே ஏறி எதுவும் தெரியாது. பிரிவிலேயே வானத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முதுமலையை ஒரு நாள் பயணத்தில் சேர்க்கவே வேண்டாம். மேப்பில் பக்கமாகத் தெரிவது கல்லட்டி வழி, 36 கொண்டை ஊசி வளைவுகள். அதில் வெளியூர் வண்டிகள் ஊட்டியிலிருந்து இறங்க அனுமதி இல்லை. கூடலூர் சுற்றிப் போனால் அதற்கே அரை நாள் ஆகும். காரமடை – முள்ளி – மஞ்சூர் வழியை மேப் காட்டினாலும் நம்பிப் போகாதீர்கள். குறுகிய வளைவுகள், யானைக் காடு. பழுதானால் உதவிக்கு ஆள் கிடைப்பது கடினம். வேனுக்கு ஏற்ற பாதை அல்ல.

இந்த அட்டவணையைக் குலைப்பது ஊட்டியில் அல்ல, கோவையிலேயே நடந்துவிடுகிறது. சிங்காநல்லூரில் நாலு பேர், பீளமேட்டில் மூன்று பேர், சரவணம்பட்டியில் ஐந்து பேர், துடியலூரில் இரண்டு பேர் என்று வீட்டு வாசல் வரைக்கும் வண்டி வர வேண்டும் என்பீர்கள். ஒரு நிறுத்தத்துக்கு ஐந்து நிமிடம் என்று எழுதுவீர்கள், பதினைந்து ஆகும். நான்கு நிறுத்தம் சேர்ந்தால் ஒரு மணி நேரம் போய்விடும். ஆறரைக்குச் சேர வேண்டிய மேட்டுப்பாளையத்துக்கு ஏழரை, எட்டுக்குச் சேர்ந்தால் டவுன் நெரிசல், பிறகு மலையில் வரிசை, ஊட்டியில் பார்க்கிங் தேடல் எல்லாம் சேர்ந்து அந்த ஒரு மணி மதியத்துக்குள் இரண்டாகிவிடும். நிறுத்தம் இரண்டு போதும். ஒன்று நகருக்குள், ஒன்று மேட்டுப்பாளையம் சாலையில். மற்றவர்கள் ஆட்டோவிலோ பைக்கிலோ அங்கே வந்து சேரட்டும். வராதவருக்குப் பத்து நிமிடம் காத்திருப்போம் என்று முன்கூட்டியே குழுவில் சொல்லிவிடுங்கள்.

வண்டி எடுப்பதைப் பற்றி. வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சள் நம்பர் பலகை இருக்க வேண்டும். தெரிந்தவர் வீட்டு வண்டி, வெள்ளை பலகை, ஆயிரம் இரண்டாயிரம் குறைவு என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்தானால் இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்கும். பாதிக்கப்பட்ட குடும்பம் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்த வேண்டியிருக்கும். பெர்மிட், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், ஓட்டுநர் உரிமம் நான்கையும் வாட்ஸ்அப்பில் கேளுங்கள். நல்ல ஓட்டுநர் யாரும் இதைக் கேட்டுக் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) எத்தனை இருக்கையோ அத்தனை பேர்தான். "சின்னக் குழந்தைங்க, மடியில வச்சுக்குவோம்" என்பதை மலைப்பாதையில் ஏற்க முடியாது. உண்மையில் இரண்டு இருக்கை காலியாக இருக்கும்படி வண்டி எடுப்பது நல்லது. பதினைந்து பேருக்குப் பதினேழு இருக்கை. பைகள் உள்ளேயே தங்கும், கேரியரில் ஏற்ற வேண்டாம். கூரையில் ஏற்றிய ஒவ்வொரு பையும் வளைவில் வண்டியை வெளிப்பக்கம் சாய்க்கிறது.

வாடகையைப் பேசும்போது மொத்தம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடாதீர்கள். கிலோமீட்டர், வண்டி நிற்கும் ஷெட்டிலிருந்து கிளம்பி மறுபடி ஷெட்டுக்கு வரும் வரைக்கும் எண்ணப்படும். மேலே சொன்ன பாதைக்கு உள்ளூர் சுற்றலும் சேர்த்து 200, ஷெட் தூரம் சேர்த்து 220 வரும் என்று வையுங்கள். குறைந்தபட்சக் கிலோமீட்டர் எவ்வளவு, மலைக்குத் தனிக் கட்டணம் உண்டா, டிரைவர் பேட்டா, பார்க்கிங், நுழைவுக் கட்டணம் யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி நேரச் சண்டையில் பாதி இந்தப் பார்க்கிங் கட்டணத்தில்தான் தொடங்குகிறது.

இ-பாஸ் விஷயத்தில் ஏற்பாட்டாளர்கள் தடுமாறுவதை நிறையப் பார்க்கிறோம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளி மாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் தேவை. 2025 கோடையில் வார நாளுக்கு 6,000 வண்டி, வார இறுதிக்கு 8,000 வண்டி என்று வரம்பும் வந்தது. பாஸ் ஆளுக்கு அல்ல, வண்டி எண்ணுக்கு. முதல் நாள் இரவு வண்டியில் கோளாறு என்று வேறு வேன் அனுப்பினால் நீங்கள் எடுத்த பாஸ் செல்லாது. சோதனைச் சாவடியில் கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யும்போதுதான் இது தெரியவரும். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க, மலையடிவாரத்தில் சிக்னல் தேடிக்கொண்டு புதிய பாஸுக்கு அலைய வேண்டும். வண்டி எண்ணை மூன்று நாள் முன்பே உறுதி செய்து பாஸ் எடுங்கள். வண்டி மாறினால் இரவே சொல்ல வேண்டும் என்று உரிமையாளரிடம் பேசி வையுங்கள். பாஸை போனில் படமாகச் சேமித்து ஓட்டுநருக்கும் அனுப்பிவிடுங்கள்.

அதே சாவடியில் பிளாஸ்டிக் சோதனையும் உண்டு. கல்லாற்றிலும் கோத்தகிரி பாதையில் குஞ்சப்பனையிலும் வண்டிக்குள் ஏறிப் பார்ப்பார்கள். ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டில், கேரி பேக், பிளாஸ்டிக் தட்டு, டம்ளர் எதுவும் கூடாது. இருபது லிட்டர் கேன் ஒன்று, ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில், இது போதும். காலைச் சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டச் சொன்னால் வாழை இலையும் காகிதமும் என்று கடையில் சொல்லிவிடுங்கள்.

கேரி பேக் இல்லை என்றால் வாந்திக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஐந்து லிட்டர் பெயிண்ட் வாளி, மூடியோடு, இரண்டு. அடியில் இரண்டு கைப்பிடி மரத்தூளோ கிழித்த செய்தித்தாளோ போட்டு, ஒன்றை முன் வரிசையிலும் ஒன்றை நடுவிலும் வையுங்கள். மூடி இறுக்கமாக இருப்பதால் நாற்றம் பரவாது. ஒருவரைப் பார்த்து அடுத்தவருக்குக் குமட்டுவது நிற்கும். கழிப்பறை உள்ள நிறுத்தத்தில் கொட்டிக் கழுவிக்கொள்ளலாம். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவது மலையில் உயிருக்கு ஆபத்து, எதிரே வரும் பேருந்துக்கும் உங்கள் வேனுக்கும் இடையே சில வளைவுகளில் ஒரு முழம்கூட இருக்காது.

வாந்தி வரக்கூடியவர்களை முன்னால் உட்கார வையுங்கள். பின் அச்சுக்கு அப்பால் இருக்கும் கடைசி வரிசைதான் அதிகம் ஆடும், அதிகம் வீசும். வழக்கமாக அங்கே இளைஞர்களைத் தள்ளுகிறார்கள், அது சரிதான். ஆனால் அவர்கள் போனைப் பார்த்தபடி வந்தால் முதல் வாளி அங்கேதான் போகும். மலை ஏறும்போது கண் சாலையில் இருக்கட்டும். காலையில் இட்லி, இடியாப்பம் போன்றவை. பூரி, வடை, பொங்கல் வேண்டாம். வெறும் வயிறும் ஆகாது. அவோமின் போன்ற மாத்திரை போடுபவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, மலை தொடங்குவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். பர்லியாரில் தலை சுற்றத் தொடங்கிய பிறகு போட்டால் வேலை செய்யாது, வாந்தியோடு மாத்திரையும் வெளியே வந்துவிடும். அது தூக்கம் தரும் மருந்து. அன்பாக நினைத்து ஓட்டுநருக்கும் ஒன்று நீட்டாதீர்கள்.

இனி, இந்த மடலின் முக்கியமான பகுதி. இறங்கும்போது ஓட்டுநர் இரண்டாவது, மூன்றாவது கியரில்தான் வருவார். எந்த கியரில் ஏறியதோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலைப்பாதையின் அடிப்படைப் பாடம். இன்ஜின் உறுமும், வேகம் இருபது, முப்பதைத் தாண்டாது. அந்த உறுமல்தான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. "அண்ணா, கொஞ்சம் வெரசாப் போங்க" என்று பின்னாலிருந்து ஒருவர், "நேரமாச்சு, எல்லா வண்டியும் முந்திப் போகுது" என்று இன்னொருவர் சொல்லச் சொல்ல, அவர் மேல் கியருக்கு மாற்றுவார். மேல் கியரில் இன்ஜின் பிடிப்பு குறைவு. எனவே கால் ஓயாமல் பிரேக்கில் இருக்கும். சக்கரத்தோடு சுழலும் டிரம்மும், அதை அழுத்திப் பிடிக்கும் பிரேக் லைனிங்கும் சூடேறும். ஓர் அளவுக்கு மேல் சூடானால் லைனிங்கின் பிடிமானம் போய்விடும். பெடலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. பிரேக் ஆயில் பழையதாக, ஈரம் ஏறியதாக இருந்தால் இன்னும் மோசம். ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவி சேரும், பெடல் தரை வரைக்கும் போகும்.

நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். இன்றைய டீசல் வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் தானாக நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடுவதற்கு டீசல் குடிக்கும். மிச்சம் எதுவும் இல்லை, இன்ஜின் பிடிப்பும் போகிறது. இன்ஜினையே அணைத்துவிட்டால் பெடலை லேசாக மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டருக்கு வரும் உறிஞ்சுவிசை நின்று, இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாக இறுகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துப் போகும். உங்கள் ஓட்டுநர் இப்படிச் செய்வதைப் பார்த்தால், நிறுத்தச் சொல்ல உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. கூச்சப்படாதீர்கள்.

ஊட்டியில் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஓட்டுநர் இன்ஜினை ஓடவிட்டு பிரேக் பெடலை மிதித்தபடியே அரை நிமிடம் வைத்திருக்கட்டும். பெடல் ஒரே உயரத்தில் நின்றால் நல்லது. மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது, மெக்கானிக் பார்க்காமல் கிளம்பக் கூடாது. நான்கு சக்கரங்களின் உட்பக்கத்திலும் ஈரக்கசிவு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஹெட்லைட், பனி விளக்கு, வைப்பர் எல்லாம் அப்போதே போட்டுப் பாருங்கள்.

இறங்கும் வழியில் கருகிய நாற்றம் வந்தால் அது யாரோ எரித்த குப்பையாக இருக்கலாம், உங்கள் பிரேக்காகவும் இருக்கலாம். ஓட்டுநரிடம் சொல்லுங்கள். இடம் அகலமாக உள்ள பக்கம், வளைவை விட்டுத் தள்ளி, மலைப்பக்கமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, எல்லோரும் இறங்கி நில்லுங்கள். இருபது முப்பது நிமிடம் தானாக ஆற வேண்டும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு விழும். அவசரத்துக்குக் கல் வைத்திருந்தால், கிளம்பும்போது அதை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள். அடுத்து வரும் பைக்காரருக்கு அது எமன்.

வண்டிக்குள் ஆட்டம் பாட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை பாடுங்கள், மகிழ்ச்சி. மலையில் எல்லோரும் உட்கார்ந்து வர வேண்டும். ஏழெட்டுப் பேர் நடுவழியில் ஆடும்போது வளைவில் வண்டியின் எடை ஒரு பக்கம் பாய்கிறது. வண்ண விளக்குகள் முன்கண்ணாடியில் பிரதிபலித்து இரவில் சாலையை மறைக்கின்றன. கொண்டை ஊசியில் எதிர்வண்டியின் ஹாரனைக் கேட்டுத்தான் ஓட்டுநர் திருப்புகிறார். ஸ்பீக்கர் அலறினால் அது காதில் விழாது.

கோத்தகிரி பாதையில் குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழக் காலத்தில் யானைகள் சாலையோரம் வரும். முன்னால் வண்டிகள் நின்றால் நீங்களும் தள்ளி நில்லுங்கள், இறங்கிப் படம் எடுக்க வேண்டாம். இருட்டுவதற்கு முன் அங்கே கடந்துவிட வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை திட்டம் போடுகிறீர்கள் என்றால் மாற்றுத் தேதி ஒன்றைச் சேர்த்தே முடிவு செய்யுங்கள். 2009 நவம்பரில் நீலகிரியில் சரிந்த மண் நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. வடகிழக்குப் பருவமழையில் குன்னூர் பாதையில் மண்ணும் மரமும் விழாத ஆண்டு அபூர்வம். வானிலை ஆய்வு மையம் நீலகிரிக்கு ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை விட்டால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். முன்பணம் போய்விடுமே என்ற பயத்தில்தான் பலர் கிளம்புகிறார்கள். மழை எச்சரிக்கைக்குத் தேதி மாற்றித் தர வேண்டும் என்று முன்பதிவின்போதே உரிமையாளரிடம் எழுதி வாங்குங்கள். எங்களில் பலர் ஒப்புக்கொள்வோம், கேட்பவர்கள்தான் குறைவு.

ஓட்டுநரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. முந்தைய இரவு திருமண வண்டி ஓட்டிவிட்டு விடியற்காலை உங்கள் பிக்கப்புக்கு வருபவரை யாரும் கண்டுபிடிப்பதில்லை. "நேத்து ராத்திரி வண்டி எங்க ஓடுச்சுங்க?" என்று உரிமையாளரிடம் நேரடியாகக் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் வேறு ஓட்டுநர் கேளுங்கள். மதியம் நீங்கள் படகில் இருக்கும்போது அவரைப் பொருள் வாங்கி வரவோ, வேறு குழுவை அழைத்து வரவோ அனுப்பாதீர்கள், அந்த ஒன்றரை மணி நேரம் அவர் இருக்கையைச் சாய்த்துத் தூங்க வேண்டிய நேரம். இரவு தங்கும் பயணம் என்றால் அவருக்கும் ஒரு கட்டில் சேர்த்து முன்பதிவு செய்யுங்கள். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழுகிறது. அந்தக் குளிரில் வேனுக்குள் சுருண்டு கிடந்தவர்தான் மறுநாள் உங்கள் குழந்தைகளை இறக்கிக் கொண்டுவர வேண்டும். விடுதிகளில் ஓட்டுநர்களுக்குத் தங்குமிடம் ஒதுக்க வேண்டும் என்று தமிழக அரசு 2023இல் கட்டிட விதிகளையே திருத்தியிருக்கிறது. அறை பேசும்போது அந்த வசதி உண்டா என்று கேட்டால் போதும்.

அடுத்த முறை வேன் பேசும்போது, குழுவுக்கும் உரிமையாளருக்கும் ஒரே செய்தியாக இதை அனுப்புங்கள்: "ஊட்டியிலிருந்து மாலை 3.30க்கு வண்டி புறப்படும். கோத்தகிரி வழி இறக்கம். ஓட்டுநர் சொல்லும் வேகமே வேகம். 3.30க்கு வராதவர் அரசுப் பேருந்தில் வர வேண்டும்." கடைசி வரிக்கு முகம் சுளிப்பார்கள். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கும் கோவைக்கும் அடிக்கடி அரசுப் பேருந்து உண்டு, யாரும் மலையில் தனியாக நிற்கப் போவதில்லை.

இப்படிக்கு,
கோவை – நீலகிரி பாதையில் வேன் ஓட்டுபவர்களும் ஏற்பாடு செய்பவர்களும்